பிளாஸ்டிக் எண்ணெயைப் பைக்கில் ஊற்றலாமா?

பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் இறுதியாண்டு படிக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது. அவரும் நண்பர்களும் ஒரு பழைய இரும்பு உருளையை உலையாக்கி, பால் கவர், எண்ணெய் கேன், பாட்டில் மூடி என்று கிடைத்ததையெல்லாம் போட்டுக் காய்ச்சியிருக்கிறார்கள். குழாய் வழியே மஞ்சள் நிறத்தில் ஒரு திரவம் இறங்கியிருக்கிறது. பெட்ரோல் போலவே வாடை. தீக்குச்சியைக் காட்டினால் குப்பென்று பற்றுகிறது. இதை 100 சி.சி. பைக்கில் அப்படியே ஊற்றி ஓட்டலாமா? முடியாது என்றால் பாதிக்குப் பாதி பெட்ரோலோடு கலக்கலாமா? இணையத்தில் ஓட்டிக் காட்டுகிறார்களே, அதெல்லாம் பொய்யா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் பொய்யில்லை. கிக்கரை உதைத்தால் வண்டி கிளம்பும், தெருக்கோடி வரை போய்த் திரும்பும். வீடியோவுக்கு அது போதும். ஒரு மாதம் கழித்து அதே வண்டியின் கார்புரேட்டரைக் கழற்றி யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. இயந்திரம் ஓடுகிறதா என்பது எரிபொருளுக்கு வைக்கக்கூடிய தேர்வுகளிலேயே மிக எளிதானது. மண்ணெண்ணெயும் கரைப்பானும் கலந்த கலப்படப் பெட்ரோலிலும்தான் ஆட்டோக்கள் ஓடின. பெட்ரோல் என்று ஒரு திரவத்தை ஒப்புக்கொள்ள இன்னும் பல தேர்வுகளில் அது தேற வேண்டும். பிளாஸ்டிக்கிலிருந்து வடிந்த எண்ணெய் அவற்றில் இரண்டில் அடியோடு தோற்கும். அந்தத் தோல்விக்குக் காரணம் உங்கள் உலையில் இல்லை, பாலித்தீனின் மூலக்கூறிலேயே இருக்கிறது.

பால் கவரும் எண்ணெய் கேனும் பாலித்தீன். கார்பன் அணுக்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து நிற்கும், கிளை அதிகமில்லாத நீண்ட சங்கிலி அது. காற்றில்லாத உலையில் 400 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாக்கினால் சங்கிலி கண்ட இடத்தில் அறுகிறது. நான்கு கார்பன் வரை உள்ள துண்டுகள் வாயுவாகப் போகும். ஐந்திலிருந்து பன்னிரண்டு வரை உள்ளவை பெட்ரோலின் எல்லைக்குள் வரும். அதற்கு மேல் இருபது வரை டீசல் பக்கம்; அதையும் தாண்டினால் மெழுகு. எங்கே அறுக்க வேண்டும் என்று வெப்பத்துக்குச் சொல்லித்தர முடியாது. வினையூக்கி எதுவும் போடாமல் பாலித்தீனைக் காய்ச்சினால் டீசலும் மெழுகும்தான் அதிகம் வரும். பெட்ரோல் எல்லைக்குள் விழுவது பாதிக்கும் குறைவுதான். உங்கள் மஞ்சள் திரவத்தை ஒரு கண்ணாடிப் புட்டியில் ஊற்றி ஒரு மணி நேரம் ஐஸ் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். கலங்கி, அடியில் வெள்ளையாக மெழுகு உறைந்தால், உங்களிடம் இருப்பது பெட்ரோல், டீசல், மெழுகு மூன்றும் கலந்த கச்சா எண்ணெய். அதைக் காய்ச்சி வடித்து லேசான பகுதியை மட்டும் பிரித்த பிறகுதான் பெட்ரோல் பேச்சே தொடங்க முடியும்.

பிரித்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். சங்கிலி ஒவ்வொரு முறை அறும்போதும் இரண்டு முனைகள் பிறக்கின்றன. முனைகளை மூட ஹைட்ரஜன் வேண்டும். உலைக்குள் வெளியிலிருந்து ஹைட்ரஜன் வருவதில்லை, இருப்பதைத்தான் பங்குபோட வேண்டும். அந்தப் பங்கீட்டில் ஒரு துண்டு நிறைவுற்று ஆல்கேன் ஆகிறது. மற்றது இரட்டைப் பிணைப்போடு ஆல்கீனாக நிற்கிறது. ஆகவே வடிந்து வரும் திரவத்தில் கிட்டத்தட்டப் பாதி ஆல்கீன்கள். எந்தத் துண்டை எடுத்தாலும் நேர்ச்சங்கிலிதான். நேராக இருப்பது ஒரு குறை, இரட்டைப் பிணைப்பு இன்னொரு குறை. இரண்டும் வண்டியை வெவ்வேறு விதமாகக் கெடுக்கின்றன.

நேர்ச்சங்கிலியின் கதை ஆக்டேன் எண்ணில் இருக்கிறது. பெட்ரோல் இயந்திரத்தில் பிஸ்டன் மேலே வந்து கலவையை அழுத்தும்போது, ஸ்பார்க் பிளக் பொறி தட்டும்வரை எரிபொருள் பற்றாமல் பொறுத்திருக்க வேண்டும். பொறி தட்டிய பிறகும் தீ ஒரு பக்கத்திலிருந்து சீராகப் பரவ வேண்டும். தீ வந்து சேர்வதற்கு முன்பே தொலைவில் இருக்கும் கலவை தானே வெடித்தால், அதுதான் நாக்கிங். மேடு ஏறும்போது இயந்திரத்துக்குள்ளிருந்து கணகணவென்று உலோகச் சத்தம் கேட்கும். அதைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் பிஸ்டன் தலையில் குழி விழும், ரிங் உடையும். ஓர் எரிபொருள் நாக்கிங்கை எவ்வளவு தாங்கும் என்று சொல்வதுதான் ஆக்டேன் எண். அந்த அளவுகோலை உருவாக்கியவர்கள் பூஜ்யத்துக்கு எடுத்துக்கொண்ட பொருளே ஏழு கார்பன் கொண்ட நேர்ச்சங்கிலி, அதாவது என்-ஹெப்டேன். நூறு மதிப்பெண் பெற்றது கிளைகள் கொண்ட ஐசோ ஆக்டேன். ஆறு கார்பன் நேர்ச்சங்கிலியான ஹெக்சேனின் ஆக்டேன் 25. இரட்டைப் பிணைப்பு இருந்தால் கொஞ்சம் கூடும்: 1-ஹெக்சீன் 76, 1-ஹெப்டீன் 54, 1-ஆக்டீன் 29. சங்கிலி நீளும்தோறும் எண் எப்படிச் சரிகிறது என்று பாருங்கள். நம் நாட்டு பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் 6 என்ற மாசுத் தரம்) பெட்ரோலுக்குக் குறைந்தபட்சம் 91 வேண்டும். எத்தனால் 20 சதவீதம் கலந்தது 95 வரை போகும். பால் கவரிலிருந்து வந்த திரவம் இந்த வரிசையில் எங்கே நிற்கும் என்று ஊகிக்க ஆய்வகம் தேவையில்லை.

இப்படிப்பட்ட பெட்ரோலில் உலகமே ஓடிய காலம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், விட்டிங் என்ற ஊரின் சுத்திகரிப்பு ஆலையில் வில்லியம் பர்ட்டன் என்ற வேதியியலாளர் 1913-இல் கனமான எண்ணெயை அழுத்தத்தில் சூடாக்கிச் சிதைத்துப் பெட்ரோல் எடுக்கத் தொடங்கினார். நீங்கள் பிளாஸ்டிக்கை வைத்துச் செய்வதும் வேதியியல் அளவில் அதேதான். அவருடைய பெட்ரோலும் மஞ்சளாக இருந்தது, நாறியது, வாங்கியவர்கள் முகம் சுளித்தார்கள். ஆனாலும் வண்டிகள் ஓடின. காரணம், அந்தக் காலத்து ஃபோர்டு மாடல் டி காரின் அழுத்த விகிதம், அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்ற கணக்கு, ஏறத்தாழ நான்குதான். ஆக்டேன் ஐம்பது அறுபது இருந்தாலே அதற்குப் போதும். உங்கள் 100 சி.சி. பைக்கின் அழுத்த விகிதம் ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில். கொள்ளுத்தாத்தா காலத்துக் காரில் ஊற்ற வேண்டியதை நீங்கள் இன்றைய வண்டியில் ஊற்றப் பார்க்கிறீர்கள்.

இரட்டைப் பிணைப்பின் கதை இன்னும் மோசம். நாக்கிங்காவது காதில் கேட்கும். இது சத்தமில்லாமல் வேலை செய்யும். ஆல்கீன்களில், அதிலும் ஒரே மூலக்கூறில் இரண்டு இரட்டைப் பிணைப்புகள் உள்ள டையீன்களில், காற்றிலுள்ள ஆக்சிஜன் மெல்ல ஏறும். பிறகு அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கனத்த பிசினாகும். மரச்சாமான் மேல் பூசிய ஆளிவிதை எண்ணெய் காய்ந்து படலமாவதும் இதே வினைதான். சங்கிலியை அறுத்தீர்கள், அது மறுபடியும் சங்கிலியாகப் பார்க்கிறது.

இதைக் கண்ணால் பார்த்துவிடலாம். வடித்த திரவத்தைத் தெளிந்த கண்ணாடிப் புட்டியில் முக்கால் பங்கு நிரப்பி, மூடி, வெளிச்சம் படும் அலமாரியில் வையுங்கள். பக்கத்திலேயே பங்க்கில் வாங்கிய பெட்ரோலையும் அதே அளவில் வையுங்கள். தீ, ஸ்விட்ச் எதுவும் அருகில் இருக்கக் கூடாது. முதலில் வைக்கோல் மஞ்சளாக இருப்பது சில வாரங்களில் தேன் நிறத்துக்கு வரும். பிறகு டீ டிகாக்‌ஷன் நிறம். கடைசியில் புட்டியின் அடியில் பழுப்பாக ஒரு வளையம் ஒட்டும், குலுக்கினாலும் கரையாது. காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் இரண்டு கடிகாரக் கண்ணாடிகளில் இரண்டையும் சில மி.லி. ஊற்றி, காற்றோட்டமான இடத்தில் ஆவியாக விடுங்கள். பெட்ரோல் போன இடம் தெரியாது. மற்றதில் பிசுபிசுப்பான கறை தங்கி, விரலில் ஒட்டும். தரக்கட்டுப்பாட்டு ஆய்வகங்களில் இதையேதான் சூடான காற்றை ஊதிச் செய்து, மிஞ்சும் பிசினை எடைபோடுவார்கள். இந்தியத் தரத்தில் 100 மி.லி. பெட்ரோலுக்கு 4 மில்லிகிராம் வரைதான் மன்னிப்பு. இன்னொரு சோதனையில் பெட்ரோலை 100 டிகிரியில், அழுத்தமான ஆக்சிஜனோடு ஓர் எஃகுக் கலத்தில் அடைத்து வைப்பார்கள். 360 நிமிடம் அது ஆக்சிஜனை உறிஞ்சாமல் தாக்குப்பிடிக்க வேண்டும். ஆல்கீன்கள் மொத்தத்தில் 21 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. உங்களிடம் இருப்பது அதைப் போல் இரண்டு மடங்கு.

பைக் கார்புரேட்டரில் ஐடிலிங்குக்கான பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. வண்டியை நிறுத்திவிட்டுப் போன பிறகு, கார்புரேட்டரின் சிறு தொட்டியான ஃபுளோட் சேம்பரில் மிச்சமிருக்கும் எரிபொருள் மெல்ல ஆவியாகும்போது பிசின் அடர்ந்து முதலில் அடைப்பது அந்தத் துளையைத்தான். காலையில் ஸ்டார்ட் ஆகாது, சோக் இழுத்தால் கிளம்பும், கையை விட்டால் அணையும். மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து தருவார், இரண்டு வாரத்தில் அதே கதை. அடுத்த கட்டத்தில் இன்டேக் வால்வின் தண்டில் பிசின் ஏறி, வால்வு முழுதாக மூடாமல் நிற்கும். அதற்குப் பிறகு ஆகும் செலவில் எத்தனையோ லிட்டர் நல்ல பெட்ரோல் வாங்கலாம்.

பி.எஸ். 6 வண்டியாக இருந்தால் கார்புரேட்டர் இல்லை, இன்ஜெக்டர் இருக்கும். அதன் துளைகள் இன்னும் நுண்ணியவை. சைலன்சர் பக்கம் ஆக்சிஜன் சென்சாரும், புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி மாற்றியும் (கேட்டலிடிக் கன்வெர்ட்டர்) இருக்கின்றன. குப்பைப் பிளாஸ்டிக்கோடு ஒட்டிவரும் சிலிகானும் குளோரினும் அந்த இரண்டுக்கும் விஷம். கறுத்துப்போன சென்சாரை மாற்றலாம். வினையூக்கி மாற்றியின் விலையை ஒருமுறை விசாரித்துவிட்டு மேற்கொண்டு யோசியுங்கள்.

இதுவரை பாலித்தீன் மட்டும். குப்பையில் அது தனியாக வருவதில்லை. பாலிப்ரொப்பிலீன் கொஞ்சம் நல்ல பிள்ளை. அதன் சங்கிலியிலேயே ஒன்றுவிட்ட கார்பனில் ஒரு கிளை இருப்பதால், சிதையும் துண்டுகளும் கிளையோடு வருகின்றன, ஆக்டேன் மேலே போகிறது. ஆனால் ஆல்கீன் தொல்லை அப்படியே இருக்கும். தெர்மோகோல், அதாவது பாலிஸ்டைரீன், கேட்பதற்கு அருமையாக இருக்கும்: சிதைந்தால் ஸ்டைரீன், டொலுயீன், எத்தில்பென்சீன் என்று ஆக்டேன் நூறைத் தாண்டும் பொருள்கள். ஆகவே தெர்மோகோலை நிறையச் சேர்த்தால் ஆக்டேன் பிரச்சினை தீர்ந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். நாக்கிங் குறையும் என்பது உண்மைதான். ஆனால் ஸ்டைரீன்தான் பாலிஸ்டைரீனின் மூலப்பொருள். தடுப்பான் எதுவும் சேர்க்காமல் வைத்தால் தானே திரும்பவும் பாலிஸ்டைரீனாகும். டேங்கில் தெர்மோகோல் தயாரிக்கும் யோசனை அது. போதாக்குறைக்கு, புற்றுநோய் தரும் பென்சீனும் கொஞ்சம் வரும். நல்ல பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கை உலையில் போடவே போடாதீர்கள். அதன் சங்கிலியில் ஆக்சிஜன் இருக்கிறது. சிதைந்தால் எண்ணெய்க்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, டெரெஃப்தாலிக் அமிலம், பென்சாயிக் அமிலம் வரும். அமிலங்கள் இரண்டும் குளிர்ந்தவுடன் தூளாகப் படிந்து குழாயை அடைக்கும். பி.வி.சி. அதைவிடக் கொடியது. அதன் எடையில் 57 சதவீதம் குளோரின். ஒரே ஒரு கிலோ பைப் துண்டு கலந்துவிட்டால் அரைக் கிலோவுக்கும் மேலாக ஹைட்ரஜன் குளோரைடு கிளம்பும். அது தண்ணீர்ப்பசையைக் கண்டால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். உலை, செம்புக் குழாய், பிறகு கார்புரேட்டரின் பித்தளை ஜெட், எதையும் விட்டுவைக்காது. பி.வி.சி.யில் குளோரின் 300 டிகிரிக்குள்ளேயே பெரும்பாலும் கழன்றுவிடும் என்பதால், பெரிய ஆலைகளில் முதலில் அந்த வெப்பத்தில் வைத்து அமில வாயுவை விரட்டிப் பிடித்துவிட்டுத்தான் எண்ணெய்க்குச் சூடேற்றுவார்கள். ஜப்பானின் சப்போரோ நகரில் வீட்டுக் குப்பைப் பிளாஸ்டிக்கை எண்ணெயாக்க 2000-இல் தொடங்கிய பெரிய ஆலையில் இப்படித்தான் செய்தார்கள். அவ்வளவு ஏற்பாட்டோடு வந்த எண்ணெயையும் அவர்கள் வாகனப் பெட்ரோலாக விற்கவில்லை. பத்தாண்டு ஓட்டி, கட்டுபடியாகாமல் மூடினார்கள்.

நம் நாட்டில் இந்தத் துறையில் அதிகம் உழைத்தது டேராடூனில் உள்ள இந்தியப் பெட்ரோலிய நிறுவனம். அரசின் எரிவாயு நிறுவனமான கெயிலின் ஆதரவோடு வினையூக்கி முறையில், ஒரு கிலோ பிளாஸ்டிக்கிலிருந்து முக்கால் லிட்டர் வரை வாகனத் தரப் பெட்ரோல் எடுக்கலாம் என்று பத்தாண்டுக்கு முன்பே அவர்கள் காட்டினார்கள். வினையூக்கி இங்கே வெறும் வேகத்துக்காக இல்லை. நேர்ச்சங்கிலியை வளைத்துக் கிளை விடவைப்பதும் சிலவற்றை வளையமாக்குவதும் அதன் வேலை. ஆனால் 2019 ஆகஸ்டில் அதே வளாகத்தில் நாளுக்கு ஒரு டன் பிளாஸ்டிக்கைக் கையாளும் ஆலையைத் திறந்தபோது அவர்கள் தயாரிக்க எடுத்துக்கொண்டது டீசலை. ஒரு டன்னுக்குச் சுமார் 800 லிட்டர் என்று அறிவித்தார்கள். பாலித்தீனின் குணத்துக்கு அதுதான் பொருத்தம் என்பது என் கருத்து. டீசல் இயந்திரத்தில் பொறி கிடையாது. அழுத்தியவுடன் எரிபொருள் தானே பற்ற வேண்டும். பெட்ரோலில் தோற்றுப்போகும் நேர்ச்சங்கிலி அங்கே முதல் மதிப்பெண் வாங்கும். அதனால் எண்ணெயை அப்படியே லாரியில் ஊற்றலாம் என்று அவசரப்பட வேண்டாம். உலையிலிருந்து வந்த எண்ணெயில் பெட்ரோல் பகுதியும் கலந்திருப்பதால் சாதாரண வெப்பத்திலேயே தீப்பற்றும் ஆவி விடும். அதைப் பிரிக்காமல் டீசல் என்று சொல்வது ஆபத்து.

பெட்ரோல்தான் வேண்டும் என்றால் செய்ய வேண்டியவை இவை: சிலிகானும் குளோரினும் நீக்குவது, காய்ச்சி வடித்துப் பிரிப்பது, அழுத்தத்தில் ஹைட்ரஜன் கொடுத்து இரட்டைப் பிணைப்புகளை நிரப்புவது, நிரப்பியதும் ஆக்டேன் இன்னும் இறங்கும் என்பதால் நேர்ச்சங்கிலிகளை மறுபடி வளைத்தும் வளையமாக்கியும் உயர்த்துவது, கடைசியில் பிசின் தடுப்பான் சேர்ப்பது. இதற்கு ஊர் உலகத்தில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது, சுத்திகரிப்பு ஆலை. அதனால்தான் இப்போது பெரிய நிறுவனங்கள் பிளாஸ்டிக் எண்ணெயைத் தனியாகப் பெட்ரோல் ஆக்க முனையாமல், கச்சா எண்ணெயோடு சிறு பங்காகச் சேர்த்து ஆலைக்குள் விடுகின்றன. ஜாம்நகரில் ரிலையன்ஸ் அப்படிச் சேர்த்து, வெளியே எடுப்பது திரும்பவும் பிளாஸ்டிக்கை. எரித்துத் தீர்ப்பதைவிட அதில் காசும் அதிகம்.

பாதிக்குப் பாதி கலக்கலாமா என்பதற்கு வருகிறேன். ஆக்டேன் எண் கலவையில் ஏறக்குறைய சராசரியாகவே நடந்துகொள்ளும். 95 உள்ள பெட்ரோலில் 50 உள்ள திரவத்தைச் சரிபாதி கலந்தால் எழுபதுகளில் வந்து நிற்கும். பத்தில் ஒரு பங்கு கலந்தால் 90-ஐ ஒட்டி நிற்கும். ஆக, நன்றாக வடித்து, 180 டிகிரிக்குள் கொதித்து வந்ததை மட்டும், அன்றே பத்து சதவீதம் கலந்து, அன்றே எரித்துவிட்டால் வண்டிக்கு உடனே ஒன்றும் ஆகிவிடாது. கலப்பு எரிபொருள் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் நல்ல முடிவுகள் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்: அன்று வடித்ததை அன்றே ஓட்டுவார்கள், ஆய்வக இயந்திரம் சில மணி நேரம்தான் ஓடும், பிசின் சேர அவகாசமே இருக்காது. வடிக்காத எண்ணெயைக் கலந்தால் வேறொரு கேடு. பெட்ரோல் 210 டிகிரிக்குள் முழுவதும் ஆவியாகிவிட வேண்டும் என்பது தரம். அதற்கு மேல் கொதிக்கும் பகுதி எரியாமல் சிலிண்டர் சுவரில் வழிந்து, ரிங்கைத் தாண்டி இன்ஜின் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறையாமல் ஏறிக்கொண்டே போனால் சந்தோஷப்படாதீர்கள்.

வேறு வழியே இல்லாத இடங்களில் இதையும் செய்திருக்கிறார்கள். சிரியாவில் டமாஸ்கஸை ஒட்டிய கிழக்கு கூத்தா 2013 முதல் 2018 வரை முற்றுகையில் கிடந்தபோது, மக்கள் தண்ணீர்த் தொட்டி, நாற்காலி, பைப் என்று உடைந்த பிளாஸ்டிக்கைப் பொறுக்கி இரும்பு உருளைகளில் காய்ச்சி, ஜெனரேட்டருக்கும் தண்ணீர் பம்புக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஊற்றினார்கள். காசாவிலும் அதே காட்சிதான். கார்புரேட்டர் அடைப்பதைப் பற்றி அங்கே யாரும் கவலைப்பட்டிருக்க முடியாது. பங்க் அரைக் கிலோமீட்டரில் இருக்கும் நமக்கு அந்த நியாயம் பொருந்தாது.

வண்டியைவிட எனக்குக் கவலை உங்கள் உலைதான். 400 டிகிரியில் இருக்கும் எண்ணெய் ஆவிக்குத் தீப்பொறி தேவையில்லை. அந்தச் சூட்டில் காற்றைத் தொட்டாலே தானே பற்றிக்கொள்ளும். வெல்டிங்கில் ஊசி முனையளவு ஓட்டை இருந்தால் போதும். மெழுகு உறைந்தோ, பெட் போட்டதால் அமிலத்தூள் படிந்தோ குளிர்குழாய் அடைத்தால், அழுத்தம் ஏறி மூடி தெறிக்கும். ஆகவே குழாய் அகலமாக இருக்கட்டும். தானே திறந்து அழுத்தத்தை விடும் வால்வு ஒன்று அவசியம். பலரும் யோசிக்காதது அடுப்பை அணைத்த பிறகு நடப்பது. உலை குளிரும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும். குழாயின் மறுமுனை திறந்திருந்தால் காற்றையோ, சேகரிப்புப் புட்டியின் தண்ணீரையோ உள்ளே இழுக்கும். சூடான உலைக்குள் காற்று போனால் வெடிக்கும், தண்ணீர் போனால் கொதித்துச் சீறும். ஒருவழி வால்வு வைத்து, தொடங்கும்போதும் முடிக்கும்போதும் நைட்ரஜன் விடுங்கள். உலை கைபொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை திறக்காதீர்கள், உள்ளே இருக்கும் கரி கனன்றுகொண்டிருக்கும். குளிராமல் போகும் வாயுவைச் சும்மா வெளியே விடாமல் பர்னரில் எரித்துவிடுங்கள். ரப்பர் ட்யூப் எங்கேயும் வேண்டாம், இந்த ஆவியில் அது ஊறிக் கிழியும். பழைய சமையல் எரிவாயு சிலிண்டரை உலையாக்கியிருந்தால் இத்தோடு நிறுத்திவிட்டு, உங்கள் ஆசிரியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

சட்டமும் இருக்கிறது. 23 டிகிரிக்குக் கீழேயே தீப்பற்றும் ஆவி விடுவதால் இது ‘ஏ’ வகைப் பெட்ரோலியம். 1934-ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டம், தயாரிப்பது, சுத்திகரிப்பது, கலப்பது மூன்றையும் விதிகளுக்குள் வைத்திருக்கிறது. விற்பனை என்றால் பெட்ரோல், டீசல் விநியோக முறைகேடுகளைத் தடுக்க இன்றியமையாப் பண்டங்கள் சட்டத்தின்கீழ் 2005-இல் வந்த ஆணையும் சேர்ந்துகொள்ளும். கல்லூரி வளாகத்தில், ஆசிரியர் பொறுப்பில், லிட்டர் கணக்கில் செய்வது வரை சரி. பக்கத்து வீட்டு அண்ணனுக்கு மலிவாக ஒரு பாட்டில் கொடுக்க ஆரம்பித்தால் கதை வேறு.

லாபக் கணக்கையும் ஒரு வரியில் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். சுத்தமான பால் கவருக்கும் கேனுக்கும் காயலான் கடையிலேயே நல்ல விலை உண்டு. உருக்கிக் குருணையாக்கி மறுபடி குடமும் பைப்பும் செய்கிறார்கள். சுத்தமான எண்ணெய் தரும் பிளாஸ்டிக் அதுதான், அதை எரிப்பது நஷ்டம். யாரும் வாங்காத அழுக்குக் கவரும், பல அடுக்குச் சிப்ஸ் பாக்கெட்டும் எண்ணெயாக்க மலிவு. ஆனால் அதிலிருந்து வருவது பெட்ரோலுக்கு ஆகாது. அந்த அழுக்குக் கவருக்கு மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர் வாசுதேவன் காட்டிய வழி, தாரோடு சேர்த்துச் சாலை போடுவது, இதைவிட எனக்குப் பிடித்தது. அங்கே யாரும் ஆக்டேன் கேட்பதில்லை. மற்றபடி, ஒரு கிலோ பாலித்தீனை எந்த இயந்திரத்தில் எரித்தாலும் மூன்று கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வரும். இதைப் பசுமை எரிபொருள் என்று புராஜெக்ட் அட்டையில் எழுதாதீர்கள்.

புராஜெக்டை விட்டுவிட வேண்டாம். பைக்கில் ஓட்டிய வீடியோவைவிட அளந்த எண்கள் உங்களுக்கு நல்ல மதிப்பெண் வாங்கித் தரும். உள்ளே போட்ட பிளாஸ்டிக், வந்த எண்ணெய், மிஞ்சிய கரி மூன்றையும் லிட்டரில் இல்லாமல் கிராமில் எடைபோடுங்கள். ஒரு கிலோவுக்கு ஒரு லிட்டர் என்று பெருமையாகச் சொல்பவர்கள் எண்ணெயின் அடர்த்தி 0.8-ஐ ஒட்டியது என்பதை மறந்துவிடுகிறார்கள். அந்த ஒரு லிட்டர் 800 கிராம்தான். வேதியியல் ஆய்வகத்தில் கேட்டு எண்ணெயைக் காய்ச்சி வடித்து, ஒவ்வொரு பத்து மி.லி.யும் எந்த வெப்பத்தில் இறங்குகிறது என்று வரைபடம் போடுங்கள். புரோமின் நீரை ஒவ்வொரு பகுதியிலும் விட்டு நிறம் போகிறதா பாருங்கள், போனால் அங்கே இரட்டைப் பிணைப்பு இருக்கிறது; பங்க் பெட்ரோலுக்கும் அதையே செய்து ஒப்பிடுங்கள். பாலித்தீன் மட்டும், பாலிப்ரொப்பிலீன் மட்டும் என்று தனித்தனியாகக் காய்ச்சி, நான் மேலே சொன்னது சரியா என்று என்னையும் சோதியுங்கள். ஓட்டித்தான் பார்க்க வேண்டும் என்றால், பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் பழைய பம்ப்செட் இன்ஜின் ஒன்று தேடுங்கள். அழுத்த விகிதம் குறைவாக இருப்பதால் அது தாங்கும். ஒரு இடத்தில் நிற்கும், கழற்றிப் பார்ப்பதும் எளிது. ஓட்டி முடித்ததும் பெட்ரோல் மட்டும் விட்டுக் கொஞ்ச நேரம் ஓட்டி, கார்புரேட்டரை வடித்துவிட்டு நிறுத்துங்கள். மீதி எண்ணெயைத் தண்ணீர் பாட்டிலில் வைக்காமல் இரும்பு டப்பாவில் ஊற்றி, தேதியும் ‘எரியும் பொருள்’ என்றும் எழுதி வையுங்கள்.